கடவுச்சொல் போட்டபின் நீளும் காத்திருப்பு: எந்த வழியைத் தேர்வது?

வீட்டுக் கணினி திறக்க நேரமாகிறது என்று யாரிடம் சொன்னாலும் வரும் பதில்கள் பெரும்பாலும் நான்குதான்: எஸ்எஸ்டி (சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான, நகரும் பாகமில்லாத சேமிப்பகம்) போடுங்கள், ரேம் (ஓடும் நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) கூட்டுங்கள், விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுங்கள், புதுசு வாங்கிவிடுங்கள். நான்குமே சரியாக இருக்கக்கூடிய பதில்கள். ஆனால் ஒவ்வொன்றும் தீர்க்கும் கோளாறு வேறு. எந்தக் கோளாறு என்று பார்க்காமல் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் பணமும் ஒரு விடுமுறை நாளும் செலவாகும், காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். நீங்கள் எந்த இடத்தில் காத்திருக்கிறீர்கள்?

பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து கடவுச்சொல் கேட்கும் திரை வரும்வரை ஒரு கட்டம். மதர்போர்டில் உள்ள மென்பொருள் (பயாஸ்) வன்பொருளைச் சோதிப்பதும், விண்டோஸின் கருப்பகுதியும் சாதனங்களை இயக்கும் டிரைவர்களும் ஏறுவதும் இங்கே நடக்கின்றன. கடவுச்சொல் போட்டபின் ‘வெல்கம்’ என்று வட்டம் சுற்றும் நேரம் இரண்டாவது கட்டம். கடவுச்சொல் சரிபார்க்கப்படுகிறது; உங்கள் கணக்குக்கு உரிய அமைப்புகள் எல்லாம் அடங்கிய என்டியூசர்.டாட் என்ற கோப்பு திறக்கப்படுகிறது. அதன்பின் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல் ஓடி டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப்பையும் வரைகிறது. ஐகான்கள் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் பிரவுசரைக் கிளிக் செய்தால் அசைவே இல்லை என்பது மூன்றாவது கட்டம். தானாகத் தொடங்கும்படி பதிந்து வைத்த நிரல்கள் எல்லாம் அப்போதுதான் ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன.

மூன்றையும் சேர்த்து ‘லாகின் ஸ்லோ’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். காரணங்களோ ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாதவை. முதல் கட்டத்துக்கான மருந்து மூன்றாவதில் வேலை செய்யாது. எஸ்எஸ்டி மட்டும்தான் மூன்றையும் தொடும் மருந்து. அதனால்தான் அதற்கு இவ்வளவு நல்ல பெயர்.

எந்தக் கட்டம் என்று கண்டுபிடிக்க கைக்கடிகாரமே போதும். கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் விண்டோஸ் தானே குறித்து வைத்திருக்கிறது. கணினியின் நிகழ்வுக் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று உள்ளே போனால் 100 என்ற எண்ணுள்ள பதிவுகள் இருக்கும். ஒவ்வொரு முறை கணினி எழுந்ததற்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்பதை, டெஸ்க்டாப் வருவதற்கு முன், வந்த பின் எனப் பிரித்தே அங்கே காணலாம். அதே இடத்தில் 101 என்ற எண் வழக்கத்தைவிட நேரம் எடுத்த நிரலையும், 102 டிரைவரையும், 103 பின்னணியில் ஓடும் சர்வீஸையும் பெயர் சொல்லிக் காட்டும். இரண்டாவது கட்டத்துக்குத் தனியாக ‘யூசர் புரொஃபைல் சர்வீஸ்’ என்ற பதிவேடு உண்டு. அதில் 1 என்ற எண் லாகின் செய்தி வந்ததையும் 2 என்ற எண் அந்த வேலை முடிந்ததையும் குறிக்கும். இரண்டுக்கும் இடையே ஓரிரு நொடிகளுக்கு மேல் இடைவெளி இருந்தால் உங்கள் கணக்கிலேயே ஏதோ தடங்கல் இருக்கிறது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது பதிவேடு படிக்கத் தெரியாதவர்களுக்கும் கைகொடுக்கும். கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். முதல் நுழைவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். விண்டோஸ் அப்போதுதான் அந்தக் கணக்குக்கான கோப்புறைகளை உருவாக்குகிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்து இரண்டாம் முறை நுழையும்போது நேரம் பாருங்கள். புதுக் கணக்கு விரைவாகத் திறந்து பழைய கணக்கு மட்டும் இழுத்தால், குற்றம் வன்பொருளின் மேல் இல்லை. எஸ்எஸ்டி, ரேம் பற்றிய பேச்சைத் தள்ளிவைக்கலாம். இரண்டு கணக்கும் ஒரே மாதிரி இழுத்தால் டிஸ்க், ரேம், டிரைவர் அல்லது எல்லாக் கணக்குக்கும் பொதுவாக ஓடும் ஏதோ ஒரு நிரல். பத்து நிமிடச் சோதனை, பாதித் தீர்மானத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

கழற்றிப் பார்க்க வேண்டியவையும் உண்டு. வெளி ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு, பிரின்டர், யுஎஸ்பி ஹப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒருமுறை கணினியை எழுப்புங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் வெளி டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்வரை கணினி காத்து நிற்பதுண்டு. வீட்டு நெட்வொர்க்கில் எப்போதோ இணைத்து, இப்போது அணைந்து கிடக்கும் நெட்வொர்க் டிரைவும் அப்படித்தான்: விண்டோஸ் அதைத் தேடி, கிடைக்காமல், குறித்த நேரம் தீர்ந்த பிறகே கைவிடும்.

சில சமயம் காரணம் யாரும் நினைத்துப் பார்க்காத மூலையில் இருக்கும். விண்டோஸ் 7-இல் டெஸ்க்டாப் பின்னணிக்குப் படம் எதுவும் வைக்காமல் ஒரே நிறத்தை வைத்தால் ‘வெல்கம்’ திரை 30 நொடி அப்படியே நின்றது. வால்பேப்பர் தயார் என்று ஒரு பகுதி செய்தி அனுப்ப வேண்டும். படமே இல்லாததால் அது அனுப்பவில்லை. மற்றவை 30 நொடி கெடு முடியும்வரை காத்தன. மைக்ரோசாஃப்ட் பிறகு அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அந்த நாட்களில் ரேம் வாங்கிப் போட்டவர்களுக்கு ஒரு நொடிகூடக் குறைந்திருக்காது. காத்திருப்பு எப்போதும் ஒரே அளவில், 30 நொடி, 60 நொடி என்று உருண்டையான எண்ணாக நின்றால், கணினி ஏதோ ஒன்றின் பதிலுக்காகக் காத்து நிற்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். சக்தி போதாத கணினியின் தாமதம் நாளுக்கு நாள் கூடிக்குறையும்.

இனி வழிகள்.

முதல் வழி: தானாகத் தொடங்குபவற்றைக் குறைப்பது

செலவில்லாதது, திருப்பி எடுக்கக்கூடியது. மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 8 முதல் அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதி இருக்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் நேராக ‘ஹை’, ‘மீடியம்’, ‘லோ’ என்று எழுதியிருக்கும். அது குத்துமதிப்பு மதிப்பெண் இல்லை: தொடங்கும்போது பிராசசரை 1 நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டாலோ டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ ‘ஹை’, 300 மில்லிசெகண்டுக்கும் 300 கேபிக்கும் கீழே இருந்தால் ‘லோ’. அதே திரையின் மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று ஒரு எண் இருக்கும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே மதர்போர்டு எடுத்துக்கொண்ட நேரம் அது. இருபது நொடிக்கு மேல் காட்டினால், விண்டோஸுக்குள் என்ன செய்தாலும் அந்த இருபது நொடி குறையாது. பயாஸ் அமைப்புகளைப் பார்க்க வேண்டும், இணைத்திருக்கும் சாதனங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எதை நிறுத்தலாம்? சாட் நிரல்கள், கேம் லாஞ்சர்கள், பாட்டுக் கேட்கும் ஆப்கள், பிரவுசரின் பின்னணி ஓட்டம், பிரின்டர் நிறுவனத்தின் உதவி நிரல், ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று வைத்திருக்கும் அப்டேட்டர். இவற்றை நிறுத்தினால் நிரல் அழியாது. வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். எதை விட்டுவைக்க வேண்டும்? ஒலி, டச்பேட் சார்ந்தவை, பாதுகாப்பு மென்பொருள். மேகச் சேமிப்பு ஒத்திசைவை நிறுத்தும் முன் யோசியுங்கள். அதை நிறுத்தினால் உங்கள் கோப்புகள் மேலேறுவதும் நின்றுவிடும், அது நின்றதை டிஸ்க் பழுதாகும் நாளில்தான் பலர் அறிகிறார்கள்.

டாஸ்க் மேனேஜர் காட்டாத மூலைகளும் உண்டு. டாஸ்க் ஷெட்யூலரில் ‘லாகின் ஆகும்போது ஓடு’ என்று பதிந்திருக்கும் வேலைகள், சர்வீஸ்கள், எக்ஸ்ப்ளோரருக்குள் செருகிக்கொண்டவை. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச் பங்கெடுத்து உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. அதை உருவாக்கியவர்களின் நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியதிலிருந்து மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே கிடைக்கிறது. மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு, மீதி இருப்பவற்றில் தெரியாத பெயர்களின் டிக்கை எடுத்துப் பாருங்கள். அழிக்க வேண்டாம், டிக்கை எடுத்தாலே போதும்; தப்பாகிவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஆன்டிவைரஸ் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கணினியோடு வந்த சோதனைக்காலப் பதிப்பு காலாவதியாகி, அதன் மேல் இன்னொன்றை நிறுவி, இரண்டும் ஒவ்வொரு கோப்பையும் சோதித்துக்கொண்டிருக்கும் கணினி மிகவும் அவதிப்படும். ஒன்று போதும். வேண்டாததை நீக்கும்போது சாதாரண அன்இன்ஸ்டால் மிச்சம் வைப்பதுண்டு; பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கென்றே நீக்கும் கருவி தருகின்றன, அதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் கருத்து.

இந்த வழியின் எல்லையையும் சொல்லவேண்டும். ஹார்டு டிஸ்க்கில் ஓடும் கணினியில் எல்லாவற்றையும் நிறுத்தினாலும் ஓரளவுக்குத்தான் குறையும். விண்டோஸ் தனக்கே படித்தாக வேண்டியது அவ்வளவு இருக்கிறது.

எஸ்எஸ்டியா, ரேமா?

வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. என் பதில் தயக்கமில்லாதது: விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி. ரேம் பிறகு.

காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிசெகண்ட் ஆகும். தேவையான இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லிசெகண்ட். ஊசி அந்தத் தடத்துக்கு நகர்ந்து போக இன்னும் பல மில்லிசெகண்ட். இரண்டும் சேர்ந்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறுகூட அதனால் படிக்க முடியாது. மடிக்கணினிகளில் பரவலாக வந்த 5400 சுற்று டிஸ்க் இன்னும் மெது. லாகின் நேரத்தில் நடப்பதோ பெரும்பாலும் இந்தச் சிதறல் படிப்புதான்: ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் துண்டுகள், ஐகான்கள், எழுத்துருக்கள். ஐயாயிரம் சிதறல் படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு எண்பது வீதம் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. ஒரு படிப்புக்கு ஏறத்தாழ 0.1 மில்லிசெகண்ட். அதே ஐயாயிரம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நிஜ லாகினில் பிராசசர் வேலையும் கலந்திருப்பதால் வித்தியாசம் இத்தனை மடங்கு தெரியாது. ஆனாலும் பத்து வருடப் பழைய கணினியில் எஸ்எஸ்டி போட்டவர்கள் ஏன் அப்படி வியக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

ரேம் எப்போது? லாகின் முடிந்து எல்லாம் அடங்கியபின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பாருங்கள். எதையும் திறக்காமலே எண்பது சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் ரேம் போதவில்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அது நிறுவ அனுமதிக்கும் அளவு, நிம்மதியாக உழைக்கும் அளவு இல்லை. ரேம் நிரம்பினால் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த டிஸ்க் ஹார்டு டிஸ்க்காகவும் இருந்துவிட்டால் டெஸ்க்டாப் வந்த பிறகும் நிமிடக்கணக்கில் எதுவும் அசையாது. 4 ஜிபியும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்த கணினியில் இரண்டையும் மாற்றுவதே நல்லது, ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டி. ஏற்கெனவே 8 ஜிபி இருந்து பாதி காலியாக இருக்கிறதென்றால் 16-க்குப் போவதால் லாகின் நேரம் குறையாது. பல டேப்கள் திறந்து வேலை செய்பவருக்கு அது வேறு வகையில் பயன்படும், அது வேறு பேச்சு. வாங்கும் முன் கணினி டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று மற்றதில் பொருந்தாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது.

எஸ்எஸ்டியில் எந்த வகை என்ற குழப்பத்துக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம். சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி அளவு படிக்கும், என்விஎம்இ வகை பல ஆயிரம் எம்பி. பெரிய வீடியோக்களைப் பிரதி எடுப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிது. லாகினில் அது ஓரிரு நொடிக்கு மேல் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்குப் போவதுதான் பெரிய தாண்டல். உங்கள் மதர்போர்டு எதை ஏற்குமோ அதை வாங்குங்கள்.

இதற்குள் ஒரு கிளைத் தீர்மானம் இருக்கிறது: பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதா (குளோன்), புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதா? குளோனில் நிரல்கள், அமைப்புகள், பிரவுசர் எல்லாம் இருந்தபடியே இருக்கும். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடியும். ஆனால் பழைய டிஸ்க்கில் சேர்ந்த குப்பையும் கூடவே வரும். புதிய நிறுவல் சுத்தம், ஆனால் ஒவ்வொரு நிரலையும் திரும்ப நிறுவ வேண்டும், உரிமக் குறியீடுகளைத் தேட வேண்டும். புதுக் கணக்கு சோதனையில் இரண்டு கணக்கும் ஒரே மாதிரி மெதுவாக இருந்தால் குளோன் போதும் என்பேன். பழைய கணக்கு மட்டும் இழுத்திருந்தால் குளோன் அந்தக் கோளாறையும் சேர்த்தே பிரதி எடுக்கும்.

எதைச் செய்தாலும் அதற்குமுன் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். பல கணினிகளில் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்றும்போது அந்தச் சாவி கேட்கப்படலாம். இல்லையென்றால் கோப்புகள் கண்முன் இருந்தும் கைக்கு எட்டாது.

டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால்

சென்ற மாதம்வரை நன்றாக இருந்த கணினி திடீரென்று இழுக்க ஆரம்பித்தால், வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன் டிஸ்க்கின் உடல்நலத்தைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். ‘ரீஅலோகேட்டட் செக்டார்ஸ்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டார்ஸ்’ என்ற இரண்டு வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்து அது ஏறிக்கொண்டும் இருந்தால், டிஸ்க் சில இடங்களைப் படிக்கத் திணறுகிறது. கெட்ட இடத்தை அது மறுபடி மறுபடி முயன்று படிப்பதுதான் உங்களுக்கு மெதுவாகத் தெரிகிறது. ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவேட்டில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7, 153 ஆகிய எண்கள் வந்திருந்தாலும் பெரும்பாலும் இதே பொருள்.

அப்போது ஒப்பீடே வேண்டாம். முதல் வேலை குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுப்பது. சுத்தம் செய்யும் நிரல், டிஃப்ராக், முழு ஸ்கேன் எதையும் ஓட்டாதீர்கள். ஒவ்வொன்றும் அந்த டிஸ்க்கை இன்னும் வருத்தும். எடுத்த பிறகு டிஸ்க்கை மாற்றுங்கள். இதில் ஒரே ஒரு நல்ல செய்தி உண்டு: அதே பட்டியலில் ‘சிஆர்சி எரர் கவுன்ட்’ மட்டும் ஏறியிருந்தால் பழுது டிஸ்க்கில் இல்லாமல் சாட்டா கேபிளில் இருக்கலாம். கேபிளை மாற்றிப் பார்ப்பது எளிது.

புதுக் கணக்கா, ரீசெட்டா, புதிய நிறுவலா?

வன்பொருள் நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்அப்பும் சுத்தம், ஆனாலும் ‘வெல்கம்’ நீள்கிறது என்பவர்களுக்கு மூன்று வழிகள், ஏறுவரிசையில்.

புதுக் கணக்குக்கு மாறுவதை மக்கள் போதிய அளவு கருத்தில் எடுப்பதில்லை என்பது என் வருத்தம். சோதனைக்காக உருவாக்கிய அதே கணக்கை நிரந்தரமாக்கிக்கொண்டால் போதும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் கோப்புறைகளில் உள்ளவற்றை நகர்த்துங்கள். நிரல்கள் தங்கள் அமைப்புகளை வைத்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறையை முழுசாக நகலெடுக்காதீர்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். பிரவுசர் புக்மார்க்குகளை அதன் ஒத்திசைவு வழியாகவே கொண்டுவாருங்கள். எல்லாருக்கும் பொதுவாக நிறுவிய நிரல்கள் புதுக் கணக்கிலும் இருக்கும். ஒரு கணக்குக்கு மட்டும் நிறுவியவற்றைத் திரும்ப நிறுவ வேண்டும். பழைய கணக்கைச் சில வாரம் அழிக்காமல் வைத்திருங்கள்.

ரீசெட் என்பது செட்டிங்ஸில் உள்ள ‘ரீசெட் திஸ் பிசி’. கோப்புகளை வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் நிறுவிய நிரல்கள் போய்விடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கணினியிலுள்ள விண்டோஸ் கோப்புகளே கெட்டிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் ‘கிளவுட் டவுன்லோட்’ வசதியைத் தேர்ந்தெடுங்கள். அது மைக்ரோசாஃப்டிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளும்.

புதிய நிறுவலுக்கு 8 ஜிபி பென்டிரைவும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும். டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு பதிந்திருப்பதால் அதே கணினியில் திரும்ப நிறுவும்போது பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். தயாரிப்பாளர் முன்பே திணித்து வைத்த நிரல்கள் இல்லாத விண்டோஸ் கிடைப்பது இதன் சிறப்பு. ரீசெட்டையும் புதிய நிறுவலையும் வைத்து ஒன்றைக் கேட்டால், எப்படியும் நிரல்களைத் திரும்ப நிறுவத்தான் போகிறோம் என்பதால் நான் புதிய நிறுவலையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் இரண்டுக்கும் முன்னால் புதுக் கணக்கை ஒருமுறை முயன்று பார்க்காதவர்கள், தேவைக்கு மேல் உழைக்கிறார்கள்.

லாகினையே தவிர்ப்பது

இதுவும் ஒரு வழிதான். நாளுக்குப் பலமுறை கணினியைத் திறந்து மூடுபவர் ஷட்டவுனுக்குப் பதில் ஸ்லீப் வைத்தால் கடவுச்சொல் போட்ட நொடியில் விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கும். வயதானவர்கள் பயன்படுத்தும் கணினிக்கு இது பெரிய ஆறுதல். மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் ஹைபர்னேட் பாதுகாப்பானது. திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும்.

விண்டோஸ் 8-இல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இதோடு குழப்பிக்கொள்ளப்படுகிறது. அது விண்டோஸின் கருப்பகுதியை மட்டும் உறையவைத்து, பயனரின் பகுதியை மூடிவிடுகிறது. ஆகவே முதல் கட்டம் குறையும், கடவுச்சொல்லுக்குப் பிந்தைய கட்டங்கள் குறையாது. அதோடு, அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் கருப்பகுதி முழுதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. தினமும் அணைக்கிறேன், இருந்தும் மெதுவாகிக்கொண்டே போகிறது என்பவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அதுதான் உண்மையாக முதலிலிருந்து தொடங்கும்.

ஒதுக்க வேண்டியவை

ரெஜிஸ்ட்ரி கிளீனர்களால் லாகின் வேகம் கூடுவதில்லை, தேவையானதை அழித்துச் சிக்கல் உண்டாக்குவதுண்டு. எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் பிராசசர் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தால் வேகமாகும் என்பது தவறு: அந்த இடம் எண்ணிக்கைக்கு வரம்பு போடுவதற்கானது, ஒன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால் விண்டோஸ் எல்லாவற்றையும் பயன்படுத்தவே செய்கிறது. ப்ரீஃபெட்ச் கோப்புறையைக் காலி செய்யாதீர்கள். விரைவாகத் தொடங்குவதற்காக விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து எழுதி வைக்கப்படும் குறிப்புகள் அவை, அழித்தால் அடுத்த முறை இன்னும் நேரமாகும்.

விண்டோஸை விட்டுப் போவதா, கணினியை மாற்றுவதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் கேட்கிறது. ஆகவே பழைய கணினி வைத்திருப்பவருக்கு லாகின் வேகமும் பாதுகாப்பும் ஒரே தீர்மானத்துக்குள் வந்துவிட்டன. விண்டோஸ் 11-க்குத் தகுதியான கணினி என்றால் எஸ்எஸ்டி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், புதிது வாங்க அவசரமில்லை. தகுதியில்லாதது என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை உண்மையாகவே கருத்தில் எடுக்கலாம். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட்டி போன்ற இலகுவான டெஸ்க்டாப்கள் குறைந்த ரேமில் நன்றாக உழைக்கின்றன. எங்கே நேரம் போகிறது என்று கண்டுபிடிப்பதும் அங்கே எளிது: டெர்மினலில் ‘சிஸ்டம்டி-அனலைஸ் ப்ளேம்’ என்ற கட்டளை ஒவ்வொரு சேவையும் எடுத்த நேரத்தை வரிசையாகக் காட்டும். அலுவலக மென்பொருள், வரி தாக்கல் கருவி, குறிப்பிட்ட விளையாட்டு என்று விண்டோஸில் மட்டும் ஓடும் ஏதாவது ஒன்று வீட்டில் ஒருவருக்காவது அவசியம் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். ஹார்டு டிஸ்க்கை மாற்றாமல் லினக்ஸ் மட்டும் போட்டாலும் சுழலும் டிஸ்க்கின் கணக்கு மாறாது, பிரவுசர் கேட்கும் ரேமும் குறையாது.

புதிது வாங்குவது, பயாஸ் நேரமே நீளமாக இருந்து, எஸ்எஸ்டியும் போதிய ரேமும் இருந்தும் பிராசசர் லாகின் முழுவதும் நூறு சதவீதத்தில் திணறும் கணினிக்கு. அந்த இடத்துக்கு வந்துவிட்டால் பழையதில் இன்னும் பணம் போடாதீர்கள். பழையதில் சமீபத்தில் போட்ட எஸ்எஸ்டி வீண் இல்லை. வெளிக் கேஸ் ஒன்றில் வைத்தால் காப்புப்பிரதி டிஸ்க்காகப் பல ஆண்டு உழைக்கும்.

எந்த வழியில் போனாலும் பலனை மறுநாளே அளக்க வேண்டாம். புதிதாக நிறுவிய விண்டோஸ் முதல் சில நாட்கள் அப்டேட்டுகளை இறக்கும், கோப்புகளுக்கு அட்டவணை போடும், மேகச் சேமிப்பு எல்லாவற்றையும் திரும்ப ஒத்திசைக்கும். குளோன் செய்த எஸ்எஸ்டியிலும் முதல் ஓரிரு லாகின் வழக்கத்தைவிட நீளலாம். ஒரு வாரம் சாதாரணமாகப் பயன்படுத்திவிட்டு, ரீஸ்டார்ட் கொடுத்து, அதே பதிவேட்டில் 100 என்ற எண்ணுக்கு நேரான புதிய மில்லிசெகண்டைப் பழையதோடு வைத்துப் பாருங்கள்.